நூல் விட்டுப் பார்த்தவர்

'டிங்' என்று ஒரு சத்தம். ரயில் நிலைய அறிவிப்பாளர் நிமிர்ந்து கண்ணாடியில் பார்த்தபோது, மேல்வரிசை முன்பல் இருந்த இடத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. விரலில் சுற்றியிருந்த நூலில் பாதியைக் காணோம்.

போன வாரம்தான் பல் டாக்டர் அவரை வறுத்தெடுத்திருந்தார். "பிரஷ் பண்ணினாப் போதுமா சார்? வீட்டைப் பெருக்கிட்டு மூலையை விட்டுட்ட மாதிரி இருக்கு உங்க வாய். இடுக்கு முக்கியம், இடுக்கு!" என்று சொல்லி, ஒரு டப்பி மெழுகு நூலைக் கையில் கொடுத்தார். நூலை நைசாக உள்ளே விட்டு, பக்கவாட்டில் உருவ வேண்டும். அறிவிப்பாளரோ மரம் அறுக்கிறவர் மாதிரி மேலும் கீழும் இழுத்தார். முன்பல்லுக்கு உறை மாதிரி என்றைக்கோ போட்டிருந்த கேப், நூலோடு பறந்து வாஷ்பேசின் ஓட்டைக்குள் போய்விட்டது.

அதிர்ச்சியில் அவர் செய்த முதல் காரியம், வாய் கொப்பளிக்கக் குழாயை முழுசாகத் திறந்தது.

"என்னங்க சத்தம்?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஹண்ணில போயிருச்சு!"

'த' வரவேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது.

"அண்ணி போயிட்டாங்களா?" மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "ஐயையோ! நேத்துகூட போன்ல நல்லாத்தானே பேசினாங்க!"

அவர் வாயைத் திறந்து காட்டினார். அவள் கரண்டியைக் கீழே போட்டாள்.

"குழாயை மூடுங்க முதல்ல!"

சாயங்காலம் அவருக்கு ஷிஃப்ட். பாதி ஊர் அவர் குரலை நம்பித்தான் ரயில் ஏறியது. 'த' இல்லாத வாயால் எந்தத் தடத்தைச் சொல்வது, எந்தத் தாமதத்தைச் சொல்வது?

துணி மாட்டும் கம்பியை நிமிர்த்தி, ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தார். ஏதோ ஒன்று நகர்ந்தது. "மாட்டிருச்சு" என்று ஆசையாக ஒரு குத்து குத்தினார். அந்த ஏதோ ஒன்று 'களக்' என்று இன்னும் ஆழத்துக்குப் போனது.

"அடியில கழட்டிடலாங்க" என்றாள் மனைவி.

அவர் வாஷ்பேசினுக்குக் கீழே படுத்து, ஸ்பேனரால் ஒரு மரையைத் திருகினார். அது கழிவுக் குழாயின் மரை இல்லை என்பது, தண்ணீர் அவர் மூக்கிலேயே பீய்ச்சியடித்தபோதுதான் தெரிந்தது.

"மெயின் வால்வு எங்கங்க இருக்கு?"

"ஹெரியல!"

குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனைவி துண்டை வைத்து அழுத்தினாள். துண்டு அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. தண்ணீர் கூடத்தைக் கடந்து படியில் இறங்கியது.

கீழ் வீட்டில் தனியாக இருக்கும் வீட்டுக்கார அம்மாள் மூச்சிரைக்க மேலே வந்தார். "என்ன கூத்து நடக்குது இங்க? என் கட்டில்ல மழை பெய்யுது!"

அறிவிப்பாளர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பணிவாகக் குனிந்தார்.

"செய்யறதையும் செஞ்சுட்டுச் சிரிப்பு வேறயா?"

அந்த அம்மாளே கீழே போய் வால்வை மூடினார். போகிற வழியில், வாடகைக்கு வேறு வீடு பார்த்துக்கொள்வது நல்லது என்று படிக்கட்டிடம் சொல்லிவிட்டுப் போனார்.

குழாய்க்காரர் வந்தார். "என்ன சார் விழுந்துச்சு? மோதிரமா?"

"பல்லு" என்றாள் மனைவி.

"யாரோடது?"

"இவரோடதுதான்! பல்லுல என்ன ஊரார் பல்லு?"

குழாய்க்காரர் வளைவுக் குழாயைக் கழற்றி வாளியில் கவிழ்த்தார். முடிக்கொத்து ஒன்று, சட்டைப் பொத்தான் ஒன்று, கறுப்புச் சேறு. அந்தச் சேற்றுக்குள் வெள்ளையாக ஒரு முன்பல்! அறிவிப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, முட்டை வேக வைப்பதுபோல் கொதிக்க வைத்து, பஞ்சில் சுற்றிக் கொடுத்தாள்.

பல் டாக்டர் அதை மாட்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஒரு வாரத்துல உங்க வாயே மாறிப்போச்சா சார்? உக்கார மாட்டேங்குதே!"

"இஹை எப்படியாவது உக்கார வையுங்க டாக்டர். வேலைக்குப் போகணும்."

டாக்டர் உள்ளே ராவினார், ஓரத்தில் ராவினார், சிமெண்ட் வைத்து அழுத்தினார். "கலர்கூட மங்கிக் கிடக்கு. டீயைக் குறைங்க" என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை நிலையத்தில் எல்லாத் தடமும் தாமதமும் தெளிவாகக் கேட்டன. நாக்கு மட்டும் அந்தப் பல்லை அடிக்கடி தடவிப் பார்த்து, அறிமுகமில்லாதவரைப் பார்ப்பதுபோல் திரும்பி வந்தது. போகப் போகப் பழகிவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியபோது வீட்டுக்கார அம்மாள் வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அறிவிப்பாளர் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. காலையில வாய் திறந்து பேச முடியாத நிலைமை."

அந்த அம்மாள் அவர் வாயையே வெறித்துப் பார்த்தார். முகத்திலிருந்த கோபம் எங்கோ போய்விட்டது. முந்தானையில் முடிந்திருந்த காகிதப் பொட்டலத்தை மெதுவாக அவிழ்த்து நீட்டினார்.

"உங்க வீட்டுத் தண்ணி வந்து விழற தொட்டியில இது கிடந்துச்சு தம்பி."

பொட்டலத்துக்குள் ஒரு முன்பல் கேப். அதில் சிக்கியபடி பாதி நூல்.

அறிவிப்பாளர் தன் முன்பல்லை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப... என் வாயில இருக்கறது யாரோடதும்மா?"

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரோடது தம்பி, அப்ப நாங்க மேல் வீட்டுலதான் இருந்தோம், சாகற வரைக்கும் இதைத்தான் தேடிட்டே இருந்தார்... எங்க, இன்னொரு தடவை சிரிங்க, அவரைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."