பின்வரிசை வைத்தியர்

ஹாலுக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை என்று லிப்ட்காரர் தீர்மானித்து மூன்று வருஷம் ஆகிறது. தீர்மானத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அதற்குப் பேர் சண்டை. சொல்லாமல் தள்ளிப்போட்டால் அதற்குப் பேர் குடும்பம். முதல் வருஷம் மழை வரும்போல இருக்கிறது என்றார். அடுத்த வருஷம் இந்த வெயிலில் பெயிண்ட் பிடிக்காது என்றார். மூன்றாம் வருஷம் சொல்வதற்கு வானத்தில் எதுவும் மிச்சமில்லை. மனைவி நான்கு டப்பா பெயிண்ட் வாங்கி வந்து டிவிக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டாள். இனி அவர் டிவியைப் பார்த்தால் டப்பாவையும் பார்த்தாக வேண்டும்.

ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு லிப்ட் பழுது பார்க்கிறவர் அவர். அத்தனை ஜனத்தையும் மேலே ஏற்றி இறக்குகிற மனிதர், சொந்த வீட்டு ஏணியில் இரண்டு படி ஏறச் சொன்னால் தலை சுற்றுகிறது என்பார். மனைவிக்கு ஓட்டுநர் பள்ளியில் வேலை. கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டுவார்கள், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. யார் எப்படி ஓட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாள். சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வரும்போது மட்டும் காலை ஒரு அழுத்து அழுத்துவாள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் தொழில். இந்த விஷயத்தை லிப்ட்காரர் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளை அவர் பொத்திப் பொத்தி வைத்தது டிவியில் ஆடும் ஒரு யுத்த விளையாட்டுக்காக. சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாகப் போர்க்களம். நம் படை ஒரு முறை நகர்ந்தால் எதிரிப்படை ஒரு முறை நகரும். வாள்காரன், கோடாலிக்காரன், குதிரைவீரன் என்று ஆளுக்கொரு வித்தை. அடிக்க அடிக்க ஆளுக்குப் படி ஏறும். அந்த வரிசையில் நான்கு பாகங்களை அவர் முடித்தாயிற்று. ஐந்தாம் பாகத்தில் கடைசிக் கோட்டை மட்டும் பாக்கி. அதைப் பிடிக்க மூன்று ஞாயிறு போதும் என்பது அவர் கணக்கு. ஹாலுக்கும் மூன்று ஞாயிறு போதும் என்பது அவள் கணக்கு. பண்டிகைக்கு முன்னால் இருந்த ஞாயிறு என்னவோ மூன்றுதான்.

அவர் சும்மா ஆடுகிற ஆளும் இல்லை. ஆடிக்கொண்டே பாடம் நடத்துவார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தன் மாணவர்களின் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருப்பாள். பத்து மாதமாக அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் சொன்ன பதில் "ம்" மட்டும்தான். அதிலும் அவர் அதிகம் சொன்னது படையிலிருந்த வைத்தியரைப் பற்றி. வெள்ளை அங்கி, கையில் ஒரு கோல். அடிபட்டவன் மேல் கோலை வைத்தால் காயம் ஆறும். அடிக்கத் தெரியாது.

"முதல் விதி என்ன தெரியுமா? வைத்தியரை முன்வரிசைக்குக் கொண்டு வரவே கூடாது. பின்னாடி நிக்கணும். நமக்கு மருந்து போடணும். அவ்வளவுதான்."

"ம்."

இப்படியிருக்கையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஏணியைக் கொண்டு வந்து ஹால் நடுவில் நிறுத்தினாள். நாளைக்குத் தொடங்கியே ஆக வேண்டும் என்றாள். லிப்ட்காரர் ஏணியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அந்த நேரத்தில்தான் அவர் மூளையில் அந்த அபாரமான யோசனை உதித்தது. அவருக்கு வந்த யோசனைகளில் எதுவும் இதுவரை அவரைக் காப்பாற்றியதில்லை. இருந்தாலும் மனிதர் நம்பிக்கை இழக்காதவர்.

"சண்டை எதுக்கும்மா? ஒரு ஆட்டம் ஆடிடலாம். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தோத்தவங்க மூணு ஞாயிறும் பெயிண்ட் அடிக்கணும்."

"நான் அதைத் தொட்டதே இல்லையே."

"தொட்டா வந்துடும். நான் விட்டுக்கொடுத்து ஆடறேன்."

அவள் ஏணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு போய்ப் பக்கத்து வீட்டுத் தபால்காரரை நடுவராகக் கூட்டிக்கொண்டு வந்தாள். தபால்காரர் நாற்காலியும் கையுமாக வந்தார். ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் போரை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

லிப்ட்காரர் வளர்த்த படையில் மொத்தம் பத்துப் பேர். ஆளுக்கு ஐந்து. "நான் முதல்ல எடுத்துக்கறேன், மிச்சமெல்லாம் உனக்குத்தான்" என்றார், ஏதோ சொத்து எழுதிவைப்பது போல. வாள்காரன், கோடாலிக்காரன், குதிரைவீரன், மந்திரவாதி, பறக்கும் வீரன் ஐவரையும் எடுத்துக்கொண்டார். அவளுக்கு மிஞ்சியது ஒரு கேடயக்காரன், ஒரு கிழ ஈட்டிக்காரன், ஒரு வில்லாளி, ஒரு திருடன், அப்புறம் அந்த வைத்தியர்.

"இது நியாயமா அண்ணே?" என்றார் தபால்காரர்.

"அவங்க சொன்னா சரிதான்" என்றாள் மனைவி. "பெட்டியில இருக்கிற சாமான் யாருக்குங்க?"

படைக்குப் பொதுவாக ஒரு சாமான் பெட்டி உண்டு. வீட்டில் துருப்பிடித்த திருகாணியைக்கூட எறியாத மனிதர் விளையாட்டில் மட்டும் எறிவாரா? பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் தபால்காரர் முன்னால் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ. நான் ஆளை வெச்சு ஜெயிக்கிறவன்."

எல்லாத்தையும் என்றால் அவள் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டாள். உதிரி வாள்கள், உதிரி கோடாலிகள், அடியில் கிடந்த ஒரு தங்கப் பட்டயம். பட்டயம் கிடைத்த ஆளுக்குப் பதவி உயர்வு. அதை வாள்காரனுக்குக் கொடுப்பதா, கோடாலிக்காரனுக்குக் கொடுப்பதா என்று முடிவு பண்ண முடியாமல் பத்து மாதமாக அவர் பூட்டி வைத்திருந்தார். அவள் அரை நிமிஷம்கூட யோசிக்காமல் வைத்தியருக்குக் கொடுத்தாள்.

லிப்ட்காரர் சிரித்தார். "அட, இருபதாம் படி ஏறினவங்களுக்குத்தான் அது செல்லும். அந்த மூட்டை எங்க ஏறியிருக்கப் போகுது?"

டிவி பளிச்சென்று வெளிச்சம் காட்டியது. வெள்ளை அங்கியின் ஓரத்தில் பொன் கரை வந்தது. கையிலிருந்த கோல் நீண்டது, இடது கையில் ஒரு மந்திரச் சுவடி முளைத்தது. 'மகா வைத்தியர்' என்று பெரிய எழுத்தில் வந்தது. லிப்ட்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இருபதா? எப்ப ஆச்சு இருபது?"

"ஒவ்வொரு காயத்தை ஆத்தும்போதும் வைத்தியருக்குப் படி ஏறும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் அவள். "நீங்க கண்ணை மூடிக்கிட்டுப் பாய்ஞ்சீங்க. வாங்கின அடிக்கு எல்லாம் அவங்கதான் மருந்து போட்டாங்க. மாசா மாசம் ஏறி, அஞ்சாம் மாசமே இருபது வந்தாச்சு. நீங்க அவங்க கணக்கு இருக்கிற பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்ல."

ஆட்டம் தொடங்கியது. லிப்ட்காரர் வழக்கம்போலப் பாய்ந்தார். போர்க்களத்தின் நடுவே ஓர் ஆறு, அதன்மேல் ஒற்றைப் பாலம். அவள் கேடயக்காரனைப் பாலத்தில் நிறுத்திவிட்டு, முன்னேறாமல் காத்திருந்தாள். வாள்காரன் வெட்டினான், கேடயக்காரன் பாதி உயிரானான். மகா வைத்தியர் நான்கு கட்டம் தள்ளி நின்றபடியே கோலைத் தூக்கினார். கேடயக்காரன் முழு உயிரானான். கோடாலிக்காரன் பிளந்தான். மறுபடி கோல், மறுபடி முழு உயிர். மேலே பறந்து வந்தவனை வில்லாளி ஒரே அம்பில் இறக்கினான். மந்திரவாதியின் மந்திரச் சுவடியைத் திருடன் உருவிக்கொண்டு போனான்; வெறுங்கை மந்திரவாதி அடுத்த அம்பில் விழுந்தான். குதிரைவீரன் ஆற்றங்கரையில் ஈட்டிக்காரக் கிழவரிடம் மாட்டி விழுந்தான்.

"என்னடா இது, அடிக்க அடிக்க எழுந்து நிக்கறான்" என்று லிப்ட்காரர் வியர்த்தார்.

"நிதானம், அண்ணே" என்றார் தபால்காரர்.

"நீ சும்மா இரு."

இந்த விளையாட்டில் ஆயுதமும் தேயும். முப்பது வெட்டுக்கு ஒரு வாள், அப்புறம் முறிந்துவிடும். இருபத்தொன்பதாவது வெட்டில்தான் லிப்ட்காரருக்கு அது ஞாபகம் வந்தது. முப்பதாவதில் வாள் முறிந்தது. அடுத்த முறை கோடாலியும் முறிந்தது. உதிரிகளெல்லாம் பெட்டியில் இருந்தன. பெட்டி யாரிடம் இருந்தது என்பது தபால்காரருக்கும் தெரியும்.

அவருக்கு மிச்சமிருந்த இரண்டு வீரர்களும் வெறுங்கையோடு பாலத்தில் நின்றார்கள். அப்போதுதான் அவள் முதன்முறையாகக் கேடயக்காரனை ஓரமாக நகர்த்தினாள். மகா வைத்தியர் மெல்ல நடந்து வந்து சுவடியைத் திறந்தார். ஒரு வெளிச்சம், வாள்காரன் போனான். இன்னொரு வெளிச்சம், கோடாலிக்காரனும் போனான். சரியாகச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வரும்போது.

தபால்காரர் எழுந்து நின்று கைதட்டினார். "அண்ணி, நாளைக்கு எங்க வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரேன், கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, அது தனக்கு நல்லதா என்று யோசித்தபடி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

லிப்ட்காரருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. பத்து மாதமாகச் சுவரோடு பேசுகிறோம் என்று நினைத்திருந்தார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். அந்தச் சந்தோஷம் அவருக்குத் தாங்கவில்லை. "எங்கிட்ட கத்துக்கிட்டவதானே" என்று சொல்லிக்கொண்டே தூங்கப் போனார்.

காலையில் சந்தோஷம் தெளிந்திருந்தது. ஏணி அங்கேயே நின்றது. அவர் கட்டிலிலேயே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, இடுப்பு பிடித்துக்கொண்டது, அசைய முடியவில்லை என்று முனகினார். அவள் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். வெந்நீர்ப் பை கொண்டு வந்து ஒத்தடம் கொடுத்தாள். தைலம் தேய்த்தாள், நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இதமாகத்தான் இருந்தது. இன்னும் மூன்று ஞாயிறு இப்படியே படுத்திருக்கலாம் என்று அவர் கண்ணை மூடினார்.

"முழு உயிர் வந்தாச்சு" என்று சொல்லி அவர் கையில் பிரஷ்ஷை வைத்தாள். "இப்ப உங்க முறை."

ஒன்பது மணிக்கு அவர் ஏணியில் இருந்தார். தலை சுற்றவில்லை, அதுதான் அவருக்கே ஆச்சரியம். மேல் ஓரத்தில் இரண்டு முழம் அடிப்பதற்குள் கை விட்டுப்போனது. பின்னாலிருந்து ஏதோ எக்காளச் சத்தம் கேட்டது. ரொம்பப் பழகிய சத்தம். பிரஷ் சொட்டச் சொட்டத் திரும்பிப் பார்த்தார். அவருடைய சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஒரு கையில் டீயும் மடியில் விளையாட்டுக் கருவியுமாக மனைவி உட்கார்ந்திருந்தாள். டிவியில் கடைசிக் கோட்டையின் கதவு திறந்துகொண்டிருந்தது.

"அம்மா தாயே, அதை அப்படியே வெச்சுட்டு வந்து ஒரு கை கொடேன். மூணு சுவர் பாக்கி இருக்கு."

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"வைத்தியரை முன்வரிசைக்குக் கொண்டு வரவே கூடாதுங்க. முதல் விதி."