குமுதாவுக்கு ஒரு கதிரை

"கள்ளனை எடுத்துப்போடுங்கோ தம்பி. சும்மா விளையாடுற சனத்துக்குக் கள்ளன் என்னத்துக்கு?"

"கள்ளன் இல்லாட்டில் அது விளையாட்டில்லை அண்ணை. கல்லா தன்பாட்டில நிரம்பும். நீங்கள் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்."

"அதைத்தானே நாங்களும் கேக்கிறம்?"

மனித நாகரிகம் நெருப்பைக் கண்டது. சக்கரத்தைக் கண்டது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, 2007ஆம் ஆண்டு லண்டன் மோர்டனில், ஒரு கடையின் மாடியறையில், 'மூலைக்கடைப் பாவனையாளர் கருத்துப் பேரவை'யைக் கண்டது. அதன் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

'மூலைக்கடை' ஓர் இணைய விளையாட்டு. முற்றிலும் இலவசம். கணினியில் பக்கத்தைத் திறந்தால் போதும், லண்டனில் நீங்களும் ஒரு கடைக்குச் சொந்தக்காரர். பால் அடுக்கலாம், பியர் விற்கலாம், கள்ளனைத் துரத்தலாம். ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் சஞ்சயன் தனியொருவராக வடிவமைத்தது. பக்கத்தின் அடியில் 'உங்கள் கருத்தை எழுதுங்கள்' என்று ஒரு வரி போட்டிருந்தார். வெள்ளைக்காரனாக இருந்தால் நாலு சொல் எழுதிவிட்டுப் படுக்கப் போயிருப்பான். நாங்கள் தலைவர், உபதலைவர், செயலாளர் தெரிவுசெய்து, யாப்பு என்று சட்டதிட்டம் எழுதி, போஷகராக ஒரு பெரியவரையும் நியமித்துவிட்டுத்தான் கருத்துச் சொல்லவே தொடங்கினோம். அடுத்த மாதமே பேரவை இரண்டாக உடைந்தது. வளரும் அமைப்பு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? பிரிந்து போனவர்கள் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் தனிப் பேரவை வைத்திருக்கிறார்கள். அவர்கள் கள்ளன் வேண்டும் என்கிறார்கள். ஆகவே நாங்கள் வேண்டாம் என்கிறோம்.

எங்கள் தலைவர் செல்வரத்தினம் அண்ணை. கீழே இருக்கும் நிஜக் கடை அவருடையது. மேலே திரைக்குள் இருக்கும் கடையை நடத்தவே அவருக்கு நேரம் போதவில்லை என்பதால், கீழுள்ளதை அவர் மனைவி வசந்தமலர் அக்கா 'பார்த்துக்கொள்கிறார்'. காலையில் ஷட்டரைத் தூக்குவது முதல் இரவில் இறக்குவது வரை பார்த்துக்கொள்கிறார்.

அன்று கூட்டத்துக்கு ரோல்ஸ் எடுத்துப்போக நான் கீழே இறங்கியபோது, அக்கா ஒரு கையால் லொட்டரி விற்றபடி மறு கையால் ரோல்ஸ் தட்டை நீட்டினார்.

"தம்பி, வாற திங்கள் காலமை எனக்குக் கொலிச்சில நேர்ஸிங் கோர்ஸுக்கு இன்டர்வியூ. கடையில நிக்க ஆளில்லையெண்டு ரெண்டு தரம் பிற்போட்டிட்டன். இந்தமுறையும் போகாட்டில் இனிக் கூப்பிடமாட்டினமாம். அவரை அண்டைக்கு ஒருக்காக் கடையில நிக்கச் சொல்லுங்கோ. நான் சொன்னால் 'பாப்பம்' எண்டுறார். நீங்கள் சொன்னால் கேப்பார்."

கோரிக்கையின் முக்கியத்துவத்தை உணர்ந்து, நிகழ்ச்சிநிரலில் அதற்கு உரிய இடம் அளித்தேன்: 'பிற விடயங்கள்', நன்றியுரைக்குப் பின்.

மொழிபெயர்ப்பு நாவல்களில் புரட்சிக்காரர்கள் எப்போதும் ஒரு மாடியறையில்தான் கூடுவார்கள். எங்களுக்கும் அதே மாடி, அதே ஈரச்சுவர். குத்துவிளக்கு ஏற்றினால் புகை அலாரம் அலறும் என்பதால், தலைவர் கணினியை 'ஏற்றி' வைத்தார். விளையாட்டில் நொடித்துப்போன கடைகளுக்காக எழுந்து நின்று மௌனம் காத்தோம். பிறகுதான், அழைப்பின் பேரில் வந்திருந்த சஞ்சயனோடு, தொடக்கத்தில் சொன்ன அந்தக் கள்ளன் விவகாரம் வந்தது.

கள்ளனை ஒழிக்கும் தீர்மானத்துக்கு எல்லோரும் கை உயர்த்தியிருந்த அந்தக் கணத்தில், கீழிருந்து அக்காவின் குரல்:

"இஞ்சாருங்கோ! ஒருத்தன் பியர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுறான்!"

"பொறப்பா, இப்பத்தான் அவனை நிப்பாட்டிக்கொண்டு இருக்கிறம்!" என்றார் தலைவர், உயர்த்திய கையை இறக்காமல். கடமையுணர்வு என்றால் அது.

அடுத்துப் பேசியவர் முனியாண்டி. மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராகி இங்கேயே தங்கிவிட்டவர்.

"அந்த மழைய நிறுத்துங்க லா. வெளியதான் நனையிறேன். கம்ப்யூட்டருக்குள்ளயும் நனையணுமா?"

மழை நிறுத்தப்பட்டது. சஞ்சயன் ஒரு பெருமூச்சோடு குறித்துக்கொண்டார். கடைசியாக, அன்றைய கூட்டத்தின் சிகரம்: குமுதா.

குமுதா என்பவள் விளையாட்டில் வரும் கடை உதவியாளர். தலைக்குமேல் ஒரு பச்சைக் கோடு. வேலை செய்யச் செய்ய அது சிவக்கும். கவனிக்காமல் விட்டால் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். திரும்பி வரவே மாட்டாள். தலைவர் எழுந்தார். குரல் தழுதழுத்தது.

"போன கிழமை என்ர குமுதா போயிட்டாள். ஒரு சொல்லுச் சொல்லேல்லை. தம்பி சஞ்சயன், உமக்கு நெஞ்சில ஈரம் இருக்கோ? விடிஞ்சாப் பொழுதுபட்டா அந்தப் பெட்டை நிண்டபடி நிக்கிறாள். கவுண்டருக்குப் பின்னால ஒரு கதிரை போட்டால் என்ன குறைஞ்சுபோகும்?"

"போடலாம் அண்ணை."

"தேத்தண்ணி?"

"ஒரு பட்டன் வைக்கிறன். அமத்தினால் குடிப்பாள்."

"லீவும் கொடுங்க லா" என்றார் முனியாண்டி, கண்ணைத் துடைத்தபடி. "அவளும் மனுஷிதானே?"

"ஓம், கிழமையில ஒருநாள் லீவு! திங்கள் குடுப்பம். திங்களில யாவாரம் குறைவு. அப்பிடிச் சனம் வந்தாலும் பறவாயில்லை, அண்டைக்குக் கவுண்டரில நானே நிக்கிறன்!" என்றார் தலைவர்.

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. உழைக்கும் பெண்ணின் துயரை இவ்வளவு ஆழமாக உணர்ந்த ஒரு சபையை நான் எந்தத் தேசத்து நாவலிலும் கண்டதில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சஞ்சயன் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து வேலையை முடித்தார். திரையில் குமுதா முதன்முறையாக உட்கார்ந்தாள். தலைவர் பட்டனை அழுத்தினார். அவள் தேநீர் குடித்தாள். "பாவம், களைச்சுப்போனாள்" என்று அவர் மெல்லச் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

வாசலில் நின்ற வசந்தமலர் அக்காவுக்கும் கேட்டது. அவர் எப்போது மேலே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. ஓடிக் களைத்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. உள்ளே இருந்த கதிரைகள் எல்லாவற்றிலும் நாங்கள் இருந்தோம்.

"அக்கா, நன்றியுரை இன்னும் முடியேல்லை. பிறகுதான் உங்கட விடயம்" என்றேன், ஒழுங்கு முறைப்படி.

"தெரியும் தம்பி." அவர் என்னையும் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். "இவளுக்கோ திங்கள் லீவு?"

"ஓம் அக்கா" என்றார் சஞ்சயன்.

"அப்ப தம்பி, அண்டைக்கு அவளை ஒருக்காக் கீழ எங்கட கடையில கொண்டுவந்து நிப்பாட்ட ஏலுமோ? மத்தியானத்துக்கு முதல் நான் ஓடி வந்திடுவன்."