கம்பளி போர்த்திய கார்

லிந்துலை,
ஞாயிறு மாலை.

மதிப்பிற்குரிய யோகேஸ்வரன் மச்சான் அவர்களுக்கு,

நானும் தங்கள் தங்கை பூரணியும் நலம். வத்தளை வெயிலில் நீங்களும் அக்காவும் வாடாமல் இருக்க வேண்டுகிறோம். தங்கள் கார்தான் மூன்று மாதமாகச் சுகமில்லாமல் இருந்தது. இன்று குணமாகிவிட்டது. சனிக்கிழமை வந்து எடுத்துச் செல்லலாம்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பழைய பீட்டில் காரின் அடிச்சட்டத்தில் ஃபைபர் உடம்பு மாட்டி நீங்கள் செய்த அந்த ரேஸ் காரை, "கொழும்புச் சூடு இதுக்கு ஆகாது, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மலைக்குளிர்ல ஓட்டுங்க" என்று விட்டுப்போனீர்கள். முதல் ஞாயிறே பூரணியோடு போகையில் நானுஓயா ஏற்றத்தில் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, கருகல் வாடை வேறு. தண்ணீர் ஊற்றலாமென்று முன்மூடியைத் திறந்தால் உள்ளே உங்கள் குடை கிடக்கிறது. பிறகுதான் இன்ஜின் பின்னால் இருப்பதும், தண்ணீரே கேட்காத சாதி என்பதும் நினைவு வந்தது. அன்று முதல் இரண்டு மைலுக்கு ஒருமுறை நிறுத்தி, சூடு ஆறும்வரை அரைமணி நேரம் தேயிலை ஓரத்தில் உட்கார்ந்தோம். சும்மா எவ்வளவு நேரம் உட்காருவது? பேசினோம். பூரணிக்கு ஒருகாலத்தில் ஆசிரியர் வேலைக்குக் கடிதம் வந்ததாம். என்னிடம் சொல்ல நேரம் பார்த்தாளாம்; டீமேக்கரான நான் தேயிலை ஃபெக்டரி ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேனாம். பிறகு சொல்லவேயில்லை. இருபத்தெட்டு வருஷம், மச்சான்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று மெக்கானிக் ஃபாஸிலை வரவழைத்தேன். பின்மூடியைத் திறந்தவர் அதன் உட்புறத்தைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"டீமேக்கர் ஐயா, இந்தக் கம்பளிய யாரு வச்சது?"

"நான்தான் தம்பி. குளிருமேன்னு. நம்ம ஃபெக்டரி லொறிக்கு முன்னால சாக்குக் கட்டுவோம்ல?"

"லொறிக்குச் சூடு ஆத்தத் தண்ணி இருக்குங்க. இதுக்குக் காத்து மட்டும்தான். அது போற ஓட்டையவே அடைச்சு வச்சிருக்கீங்களே!"

கம்பளியை உருவிவிட்டார். இன்று எங்கும் நிற்காமல் நுவரெலியா போய் வந்தோம். விளக்கு எரியவில்லை. வழியில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
கஜேந்திரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பூரணி இதை வாசித்துவிட்டாள். "இன்ஜின் இன்னும் சூடாகுது, ஆறு மாசமாவது இங்கயே கிடக்கட்டும், அண்ணன சனிக்கிழமை வர வேணாம்னு எழுதுங்க" என்கிறாள். ஆகவே மேலே உள்ளவற்றை வாசிக்காததாகக் கருதவும். வண்டிக்குச் சுகமில்லை.