தானாகக் காயும் நெல்

லேபர் ஆபீசர் திங்கட்கிழமை வருவதாகத் தகவல் வந்ததிலிருந்து பெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. உத்திரமேரூருக்கு வெளியே அவர் நடத்தும் நெல் மில்லில் பதிவேடும் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது என்று யாரோ புகார் எழுதிப் போட்டிருந்தார்கள். யாரென்று ஆபீசில் சொல்ல மாட்டார்களாம்.

"எவன்னு மட்டும் தெரியட்டும். அன்னிக்கே வேலையை வுட்டு நிறுத்திடுறேன்" என்றார் மனைவி சுலோச்சனாவிடம்.

"மொதல்ல எழுத வேண்டியதை எழுதுங்க" என்றாள் அவள்.

அவருக்குச் சந்தேகம், நெல் அவிக்கும் மாசி மேல். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கடையில் வாங்கிய அச்சடித்த சீட்டில் அவன் சம்பளத்தை எழுதிச் சமாதானமாகக் கையில் கொடுத்தார். மாசி அதைப் பாதி வெளியே தெரியும்படி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மில்லைச் சுற்றி வந்தான். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் சீட்டு வேண்டியிருந்தது.

சீட்டு என்பது தனியாக நிற்கிற காகிதமல்ல. அதிலிருப்பது சம்பளப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அது வருகைப் பதிவேட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆள் வந்த நாள் ஒன்று தப்பினால் சம்பளம் தப்பும், சம்பளம் தப்பினால் சீட்டு பொய்யாகும். மில்லின் பல் சக்கரங்கள் மாதிரி ஒன்று சுற்றினால் எல்லாம் சுற்றும். அழகான ஏற்பாடுதான், பெருமாள் ரசிக்கிற நிலையில் இல்லை. யார் எந்த நாள் வந்தார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. சுலோச்சனா சொல்லச் சொல்ல எழுதினார்.

பிடித்தம் என்ற கட்டத்தில் டீக்காசைப் போட்டார். தன் மகளிடம் சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்ட மில் வேலையாள் எல்லம்மாள் திரும்பி வந்தாள்.

"நான் டீயே குடிக்கிறதில்ல மொதலாளி. இத்தினி வருசமா எனக்கும் புடிச்சிக்கினா கீறீங்க?"

பெருமாள் அந்த வரியை அடித்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் ஆபீசர் கேட்பார் என்றாள் சுலோச்சனா. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார்கள். பேஜார் தாங்காமல் பெருமாள் பேனாவை இரண்டு முறை வீசி எறிந்தார். இரண்டு முறையும் அவளே எடுத்து வந்து கொடுத்தாள்.

வேலை நேரக் கட்டத்தில் மட்டும் அவர் சொந்தமாகக் கவனம் வைத்தார். நேரம் மீறினால் இரட்டைக் கூலி. எட்டு முதல் ஐந்து என்று எழுதினார். அது உண்மையும்கூட, எட்டுக்கு முன்னால் மில்லுக்கு யாரும் வந்ததில்லை.

திங்கட்கிழமையன்று முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார் ஆபீசர் சசிரேகா. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, எல்லாம் சரி என்றார்.

"ஒண்ணுதான் புரியல. ஆளுங்க எட்டு மணிக்கு வர்றாங்க. நான் வந்தப்ப ஏழு மணிகூட ஆகல. களத்துல அவிச்ச நெல்லைப் பரப்பி, ஒரு முறை கிளறியும் விட்டிருந்தது. யார் செஞ்சது?"

இரட்டைக் கூலி பெருமாளின் கண்முன் வந்து போனது.

"அதுக்கெல்லாம் ஆளே வேணாம் மேடம். தெனமும் தானா நடந்துக்கினு கீது."

டீ கொண்டுவந்த சுலோச்சனா டம்ளரை மேஜையில் வைத்தாள். முந்தானையில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டாள்.

"அந்தத் தானா நான்தான் மேடம். புகார் எழுதிப் போட்டதும் நான்தான். எவன்னு தெரிஞ்சா அன்னிக்கே வேலையை வுட்டு நிறுத்திடுறேன்னாரு, நாளையிலேர்ந்து நின்னுக்கட்டுமான்னு கேட்டுச் சொல்லுங்க."