எதிரிக்கு வடம் பிடித்தேன்

ராணுவக் கிடங்குக்குக் காவல் நின்றபோது எதிரியை நானே கரையேற்றிவிட்டேன். மறைத்துப் பயனில்லை, தூத்துக்குடியில் பாதிப் பேருக்குத் தெரியும். வருத்தமும் எனக்கில்லை.

பதினேழு வருஷம் பாலைவனத்திலும் பனியிலும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ராணுவ இடங்களைக் காக்க முன்னாள் வீரர்களை மறுபடி எடுக்கிறார்கள் என்றதும் எழுதிப் போட்டேன். ஓடவிட்டார்கள், நெஞ்சை அளந்தார்கள் (தொப்பையை அளந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்), பயிற்சி கொடுத்தார்கள். அரசாங்கம் இவ்வளவு செலவழித்துக் கற்றுத் தந்தது ஒன்றுதான்: யார் வந்தாலும் முதலில் நிறுத்து. சொந்த ஊர்ப் பக்கமே கடலோரக் கிடங்கில் வேலை கிடைத்தது. பாதுகாப்பு ஒத்திகையில் தேறினால்தான் அங்கே நீடிக்கலாம். அதற்குள் என் மனைவி ஜெசிந்தா கிடங்குக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடே பார்த்துவிட்டாள்.

ஒத்திகையன்று எதிரி வேஷம் போட்ட நான்கு வீரர்கள் கடல் வழியாகப் படகில் வந்தார்கள். துப்பாக்கியை நீட்டி "நில்" என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன், வள்ளத்தின் விலாவை அலைக்குக் காட்டிக்கொண்டு வருகிறார்கள்; இன்னொரு பெரிய அலை வந்தால் கவிழ்ந்துவிடும். கடலையே பார்க்காத ஊர்க்காரர்கள் போலிருக்கிறது. ஒருவன் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் கரையில் வள்ளம் தடுமாறினால் அது யாருடையது என்று கேட்பதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத குடும்பத்து வள்ளமானாலும் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் முறைத்துக்கொள்வோம். துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

"ஏலே, மூக்கக் கரைக்குத் திருப்புங்கலே. வடத்த இங்கன வீசு."

தமிழ் தெரியாதவர்கள். என் கையாட்டலைப் பார்த்தே கயிற்றை வீசினார்கள், இழுத்துக் கரை சேர்த்தேன். முதலில் இறங்கியவன் குடித்த உப்புத் தண்ணீரைக் கக்கினான், இந்தியில் நன்றி சொன்னான், பிறகு என் நெஞ்சில் ஒரு சீட்டை ஒட்டினான். நான் செத்துவிட்டேனாம். மற்ற மூவரும் என்னைத் தாண்டிப் போய்க் கிடங்கைத் 'தகர்த்தார்கள்'. (செத்த பிறகும் வள்ளத்தை நான்தான் கட்டிப் போட்டேன்.)

நிஜத் தாக்குதல் என்றால் என்ன செய்திருப்பாய் என்று ஒத்திகையை நடத்திய மதுரைக்கார அதிகாரி கேட்டார். மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்.

"நெசமான எதிரின்னாலும் மொதல்ல கரையேத்துவேன் சார். பெறவு கட்டிப் போடுவேன். முங்குதவன்ட்டப் போயி நீ யாருன்னு கேக்க எனக்கு வராது."

அவர் ஃபைலில் எழுதினார்: கடற்கரைக் காவலுக்கு உகந்தவர் அல்ல. (தலைமுறை தலைமுறையாகக் கடலில் கிடந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு இந்தச் சான்றிதழ்!) அடுத்த வாரமே மறுபடி பாலைவனம். ஜெசிந்தா பார்த்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். அது வலித்தது, இன்றும் வலிக்கிறது. நான்கு பேர் உயிரோடு கரையேறியதை அந்த ஃபைலில் யாரும் எழுதவில்லை.

இது மூன்றாவது வருஷம். தினமும் சாயங்காலம் ஜெசிந்தா போனில் கூப்பிடுவாள். பிள்ளைகளும் பக்கத்தில் காத்திருக்கும்.

"ஏங்க, அங்கன வள்ளம் எதுவும் வந்துச்சா?"

எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை மணலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"வரட்டும் ஏளா. வந்தா இழுக்கத்தான் செய்வேன்."