புகைக்கப்பலார் வீட்டுச் செருமல்

1968 யூலை 14, ஞாயிற்றுக்கிழமை. காலையில் குளித்து, வேட்டியைத் தோய்த்துக் கொடியில் போட்டு, மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தேன். புளியங்கூடலில் என் ஞாயிறுகள் அப்படித்தான் தொடங்கும். அதன்பின் வேலிக்கு அப்பால், புகைக்கப்பலார் வீட்டில் செருமல் தொடங்கும்.

ஏழு தீவிலும் அவரைப்போலப் புகை விட்டவரும் இல்லை; அவரைப்போல அதை ஒளித்தவரும் இல்லை. நயினாதீவுக்கு லோஞ்ச், அதாவது இயந்திரப் படகு, ஓட்டுபவர். இயந்திரம் நின்றாலும் அவருடைய சுருட்டுப் புகையிலேயே லோஞ்ச் கரை சேரும் என்பார்கள். ஆனால் ஐம்பத்தைந்து வயதிலும் தகப்பனார் முன்னால் புகைக்க மாட்டார். தகப்பனாருக்கு விறாந்தையில் சுருட்டு. இவருக்குக் கிணற்றடியில் சுருட்டு. இவருடைய மகனுக்கு வேலிக்கரையில் சிகரெட். மூத்தவர் செருமிக்கொண்டு வருவார். இளையவர் கையிலிருப்பதை எறிந்துவிடுவார். மூவருக்கும் எல்லாம் தெரியும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

அன்று கப்பலாரின் மகனை மாப்பிள்ளை பார்க்க நெடுந்தீவிலிருந்து பெண்ணின் தகப்பன் வந்தார். அயலவன் என்று என்னையும் கூப்பிட்டு இருத்தினார்கள். தேநீர் வருமுன்னே செருமல் வந்தது. தகப்பனாரான பெரியவர் செருமிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கப்பலாரைக் கூட்டிவந்தார். கப்பலார் செருமிக்கொண்டு மகனைக் கூப்பிட வேலிக்கரைக்குப் போனார். புகையை அவசரமாக விழுங்கிய மகன் உண்மையாகவே இருமிக்கொண்டு வந்தான்.

வந்தவர் எழுந்து சால்வையை உதறினார்.

“மூண்டு தலைமுறைக்கும் கசநோயோ? இந்த வீட்டிலை என்ரை பிள்ளையைக் குடுக்க ஏலாது.”

“கசமில்லை அண்ணை!” என்று கப்பலார் அவரை மறித்தார்.

“பின்னை என்ன இருமல்?”

கப்பலார் தகப்பனாரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகனின் கண் கலங்கியிருந்தது; புகையாலா, பெண்ணாலா என்று சொல்ல முடியாது. மடியிலிருந்து சுருட்டை எடுத்தார்.

“ஐயா, குறை நினைக்காதேங்கோ.”

தகப்பனார் முன்னாலேயே பற்றவைத்தார். மூன்று நெருப்புக்குச்சி வீணாய்ப் போனது.

“இதுக்குத்தான் அண்ணை செருமிறது. பெடியனுக்கு சிகரெட். வேறை நோய் வருத்தம் ஒண்டுமில்லை.”

பெரியவர் கதிரையோடு சுவர்ப்பக்கம் திரும்பினார். “எனக்கு ஒண்டும் தெரியேல்லை. கண் மங்கிப்போச்சு.”

வந்தவர் மெல்ல இருந்தார். “காலமை தொடக்கம் அடக்கிக்கொண்டு இருக்கிறன். எனக்கும் ஒரு நெருப்புக்குச்சி தாரும். பெரியவர் திரும்ப முதல் கெதியாத் தாரும்!”

கலியாணம் நிச்சயமாயிற்று. ஆனால் கப்பலார் அன்று முழுவதும் தகப்பனார் முகத்தைப் பார்க்கவில்லை, கிணற்றடிக்கும் போகவில்லை. வேலிக்கு அப்பால் ஒரு செருமல்கூட இல்லை. நான் இரண்டு தரம் வேலிக்கரைக்குப் போய்க் காதுகொடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் பெரியவர் முதல் வேலையாகத் தன் சுருட்டொன்றைக் கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டில் வைத்தார். திரும்பி வந்து விறாந்தையில் இருந்தார். கப்பலார் அதைக் கண்டெடுத்து, பற்றவைத்து, ஆறுதலாக முடிக்கும்வரை இருந்தார். பிறகுதான் எழுந்து, ஊருக்கே கேட்கும்படி செருமினார்.

புகைப் பழக்கம் இல்லாத எனக்கும் வேலிக்கு இப்பால் ஒரு செருமல் வந்தது.