தடுக்கிற கை

"மூணு உதாரண வாக்கியம். நாலு மணிக்குள்ள," என்று ஆங்கில-தமிழ் அகராதியின் ஆசிரியரம்மா துண்டுச்சீட்டை நீட்டினார். அதில் ஒரே ஒரு சொல்: 'த்வார்ட்'.

"ஒருத்தர் செய்யப் பாக்கறதை நடக்கவிடாம தடுக்கறதுங்க மேடம்," என்றான் புதியவன்.

"அர்த்தம் சரி. ஆனா தடுக்கிற கை ஒண்ணு இருக்கணும். தானா கெட்டுப்போனா இந்தச் சொல் பொருந்தாது. பழைய அகராதியைப் புரட்டாதீங்க. சொந்தமா பட்டதை எழுதுங்க. அதைப் பாத்துத்தான் உங்க வேலையை நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்."

இல்லையென்றால் மறுபடி மச்சானின் பெயின்ட் கடைதான். "வாங்க அகராதி!" என்று வாடிக்கையாளர் முன்னால் கூப்பிடுவார்.

கணினியில் முதல் எழுத்தைத் தட்டினான். மின்சாரம் போய்விட்டது.

காகிதத்தோடு வெளிச்சம் தேடி வராந்தாவுக்கு வந்தான். பேனா உள்ளே மேஜையில். திரும்பினால் கதவு பூட்டியிருந்தது.

"அண்ணே, சாவி!"

வாட்ச்மேன் சட்டைப்பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். "இங்கதான் சார் இருந்துச்சு," என்று மறுபடி சட்டைக்கே வந்தார்.

மணி மூன்றரை. பொறுக்க முடியாமல் ஜன்னல் வழியாக ஏறினான். தலை போனது, தோள் போனது. வயிறு வரமாட்டேன் என்றது.

கையில் இருந்த போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, முடிச்சிட்டீங்களா?"

"ஜன்னல்ல மாட்டிக்கிட்டேன்."

"ஐயோ! அண்ணனை அனுப்பட்டுமா?"

"வேண்டவே வேண்டாம்! இங்கேயே குடியிருந்தாலும் இருப்பேன்."

போனை வைத்தபோதுதான் பார்த்தான். கைக்கெட்டும் தூரத்தில் மேஜை, மேஜைமேல் பேனா. தொங்கியபடியே எழுத ஆரம்பித்தான்: மின்சாரம், பூட்டு, ஜன்னல். மூன்று வாக்கியமும் மடமடவென்று வந்தன. இப்படி ஒரு நாளும் அவனுக்கு எழுத வந்ததில்லை.

சரியாக நாலு மணிக்கு ஆசிரியரம்மா தன் சாவியால் கதவைத் திறந்து வந்து, காகிதத்தை எடுத்துப் படித்தார். உதட்டோரம் சிரிப்பு.

"முதல் ரெண்டும் அப்படியே அச்சுக்குப் போகலாம். நாளையிலேர்ந்து நீங்க நிரந்தரம். ஜன்னலை மட்டும் அடிச்சிடுங்க. அதுல தடுக்கிற கை இல்ல."

சந்தோஷத்திலும் அவனுக்கு ஒரு சந்தேகம். "மின்சாரத்துக்கு மட்டும் கை இருக்குங்களா மேடம்?"

வெளியிலிருந்து அவன் கால்களை இழுத்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் மூச்சு வாங்கச் சொன்னார்: "மெயின் சுவிட்சை இறக்குனது, கதவைப் பூட்டுனது, சாவியைத் தேடுற மாதிரி நடிச்சது எல்லாம் மேடம் சொல்லி நான் செஞ்சது சார், ஜன்னல் மட்டும்தான் உங்க சொந்த முயற்சி!"